லெக்சரர் வேலையை மட்டும் நம்பி இருக்காதீர்கள், தம்பி

தொல்லியலில் மாஸ்டர்ஸ் படிக்க இங்கிலாந்து வந்திருக்கிறீர்கள். ரோமானியக் காலத்தைப் பற்றிப் பிஎச்டி முடித்தால் பல்கலைக்கழக வேலை கிடைக்குமா, அறை எங்கே பார்ப்பது, குளிருக்கு என்ன வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். அறை, ஜாக்கெட் விஷயமெல்லாம் கூடப் படிக்கிறவர்களே சொல்லிவிடுவார்கள். வேலையைப் பற்றி நான் சொல்கிறேன்.

நிரந்தர லெக்சரர் பதவிகள் மிகக் குறைவு. பிஎச்டி முடித்தவர்களுக்குப் பெரும்பாலும் வருவது ஒரு வருட ஒப்பந்தம்தான். நானும் அப்படி ஊர் ஊராகப் பெட்டி தூக்கியவன். ஷெஃபீல்டில் அவ்வளவு பேர்பெற்ற தொல்லியல் துறையையே மூட 2021இல் முடிவெடுத்தார்கள்.

வேலை இருக்கும் இடம் வேறு. மண்ணுக்கடியில் பழங்காலத் தடயம் இருக்கும் இடத்தில் கட்டடம் கட்டுபவர் முதலில் தன் செலவில் அகழாய்வு செய்யவேண்டும் என்ற நடைமுறை இங்கே 1990இல் வேரூன்றியது. இந்நாட்டுத் தொல்லியலாளர்களில் பெரும்பாலோர் அப்படித் தோண்டும் நிறுவனங்களில்தான் இருக்கிறார்கள். விசா அனுமதிக்கிற நேரத்தில் அங்கே போய் மழையிலும் சேற்றிலும் பழகுங்கள். சம்பளம் குறைவு, வேலை விசாவுக்கான சம்பள வரம்பை இப்போதே பார்த்து வையுங்கள்.

அப்புறம் நம் பாஸ்போர்ட். கூடப் படித்தவர்கள் இத்தாலி அகழாய்வுக்கு டிக்கெட் எடுத்துக் கிளம்பினார்கள். எனக்கு ஐரோப்பாவுக்குள் போக வேண்டிய ஷெங்கன் விசா நேர்காணல் தேதியே கிடைக்காமல் அந்தக் கோடை போயிற்று. அந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை. கோடை அகழாய்வு என்றால் குளிர்காலத்திலேயே விசா வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

லத்தீனும் கிரேக்கமும் போதாது. பழைய அகழாய்வு அறிக்கைகளில் பாதி ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் கிடக்கின்றன. வேலை முடிந்து மாலை வகுப்பில் உட்கார்ந்து ஜெர்மன் படித்தேன், அதில் எனக்குப் பெருமை உண்டு.

இங்குள்ள நம்மவர்கள் சிலர், எகிப்தின் செங்கடல் கரையில் ரோமானியக் காலத் துறைமுகங்களான குசேர் அல் கதிமிலும் பெரனிகேயிலும் தமிழ்ப் பிராமி எழுதிய பானை ஓடுகள் கிடைத்ததை மேடைக்கு மேடை முழங்குவார்கள். அறிக்கையைப் புரட்டியிருக்க மாட்டார்கள். பெரனிகே கோயில் முற்றத்தில் இந்தியப் பானை ஒன்றில் சுமார் 7.5 கிலோ மிளகு அப்படியே இருந்தது. அதைப் பற்றிக் கேட்டால் விழிப்பார்கள். நீங்கள் அந்தப் பானையைப் படியுங்கள். ஒருமுறை ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் பிடிபடாத ஒரு மண்பாண்ட விளிம்புத் துண்டைப் பார்த்து, இது தென்னிந்தியச் சமையல் சட்டி என்று சொன்னேன். மறு வருடமே மட்பாண்டம் பார்க்க அகழாய்வுக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். லெக்சரர் பதவி அதற்கு வெகுகாலம் கழித்துத்தான் வந்தது.