பேச்சு நின்றுபோன டிமென்ஷியா (மறதி நோய்) நோயாளிக்கு வலி இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேட்டவர் எழுதியிருப்பது இது: அம்மாவுக்கு 81 வயது, முற்றிய டிமென்ஷியா, படுத்த படுக்கை, பேச்சு இல்லை. உடம்பு துடைக்கும்போதும் புரட்டும்போதும் கத்துகிறார், கிள்ளுகிறார். டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். இது வலியா, நோயின் போக்கே இப்படித்தானா? மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவாரா?

நான் மதுரைப் பக்கம் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் பேலியேட்டிவ் கேர் நர்ஸ், அதாவது தீராத நோயில் இருப்பவர்களின் வலியையும் அவதியையும் குறைக்கப் பார்ப்பவள். மருந்தையும் அளவையும் உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் ஒன்றை அடித்துச் சொல்வேன். சும்மா கிடக்கும்போது அமைதியாக இருப்பவர், தொட்டால், அசைத்தால் கத்துகிறார் என்றால் முதலில் வலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வலி இல்லை என்று தெரிந்த பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

"அதுக்கு என்ன தெரியும் சிஸ்டர், மூளைதான் போயிருச்சே" என்று போகிற வீடெல்லாம் சொல்வார்கள். வலிக்கிறது என்று சொல்லத்தான் முடியாமல் போகிறது, வலி போவதில்லை. இடுப்பெலும்பு முறிந்தால் உங்களுக்கும் எனக்கும் வலிப்பது போலத்தான் அவருக்கும் வலிக்கும்.

பெயினாட் என்று ஒரு அளவுமுறை இருக்கிறது. இப்படிப்பட்டவர்களுக்காகவே 2003-இல் வந்தது. ஐந்து விஷயம் பார்க்க வேண்டும்: மூச்சு, முனகல், முகம், உடம்பின் இறுக்கம், தடவிக் கொடுத்துப் பேசினால் அடங்குகிறாரா என்பது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 10. வீட்டில் செய்யும்போது கூட்டுத்தொகையைப் பிடித்துக்கொண்டு கவலைப்பட வேண்டாம். படுத்திருக்கும்போது ஒரு தடவை, புரட்டும்போது ஒரு தடவை பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் விஷயத்தைச் சொல்லும். என் அனுபவத்தில் புருவ நடுவைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

திருமங்கலம் பக்கம் ஒரு பாட்டி. காலையில் துடைத்துவிட்டால் தெருவே கேட்கும்படி கத்துவார். தண்ணீர் பிடிக்கவில்லை என்றே வீட்டில் நினைத்திருந்தார்கள். நான் போனபோது துணியை நனைத்து முகம், கால், வயிறு எல்லாம் துடைத்தேன், சத்தமே இல்லை. ஜாக்கெட்டைக் கழற்ற இடது கையைத் தூக்கினதும்தான் ஆரம்பித்தார். தோள்மூட்டு இறுகிப்போய்க் கிடந்தது. அப்புறம் ஜாக்கெட்டே போடவில்லை. நைட்டியின் முதுகுப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை வெட்டி நாடா தைத்துக் கொடுத்தார் மருமகள். போடும்போது வலிக்கிற கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அந்தக் கையைக் கடைசியில் எடுக்க வேண்டும். டாக்டர் சொன்ன பாராசிட்டமால் சிரப்பைத் துடைப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் கொடுத்தார்கள். கத்தல் முனகலாகக் குறைந்தது. முழுக்க நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

அதனால் மாத்திரைக்கு முன் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பாருங்கள். வாயைத் திறந்து சொத்தைப் பல், ஈறு வீக்கம், வாய்ப்புண். வால் எலும்பு, குதிகால், இடுப்பின் பக்கவாட்டில் படுக்கைப் புண். அடிவயிறு கல் போல இருந்தால் சிறுநீர் கட்டியிருக்கலாம், டியூப் போட்டிருந்தால் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வெளிக்குப் போய் எத்தனை நாளாகிறது? மலம் இறுகினால் எப்பேர்ப்பட்ட அமைதியான ஆளும் கையை வீசுவார். இவை எதற்கும் தூக்க மாத்திரை மருந்தாகாது.

நார்வேயில் 18 முதியோர் இல்லங்களில் 352 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2011-இல் வெளியானது. டிமென்ஷியாவோடு கத்தல், அடித்தல் என்று இருந்தவர்கள். ஒரு பாதிக்குப் படிப்படியாக வலி மருந்து கொடுத்தார்கள், பெரும்பாலோருக்கு வெறும் பாராசிட்டமால்தான். 8 வாரத்தில் அந்தக் கிளர்ச்சி 17 சதவீதம் குறைந்தது. நம் ஊரில் காய்ச்சல் மாத்திரை என்று அலட்சியமாகப் பார்ப்பது அந்தப் பாராசிட்டமாலைத்தான்.

ஆனால் 'வலித்தால் கொடுங்கள்' என்று எழுதிய சீட்டு இவர்களுக்கு உதவாது. கேட்க வாய் இல்லாதவருக்கு யார் கேட்பது? வேளை தவறாமல் கொடுக்கச் சொல்லி எழுதி வாங்குங்கள். எடை 50 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ கல்லீரல் கோளாறு இருந்தாலோ அளவு குறையும், அதை டாக்டரிடம் சொல்லுங்கள். டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகளை மெடிக்கலில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், இந்த வயதில் சிறுநீரகமும் குடலும் தாங்காது.

கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபினுக்கு வருகிறேன். "கடைசி ஊசி" என்ற பயம் எல்லா வீட்டிலும் உண்டு. வலிக்கு ஏற்றபடி சிறிய அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டினால் அது ஆளைக் கொண்டுபோகாது. முதல் சில நாள் தூக்கக் கலக்கம் இருக்கும். மலச்சிக்கல் நிச்சயம் வரும், அதனால் பேதி மருந்தையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். சிறுநீரகம் பழுதாக இருந்தால் வேறு மருந்து பார்ப்பார்கள். மார்ஃபின் எல்லாக் கடையிலும் கிடைக்காது. 2014-இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் வாங்குவது முன்னைவிடச் சுலபம். ஃபென்டனில் என்ற வலி மருந்து உள்ள, தோலில் ஒட்டும் பட்டையை மட்டும், இதுவரை மார்ஃபின் வகை எதுவும் எடுக்காதவருக்கு எடுத்ததும் ஒட்டக் கூடாது. மெதுவாகக் கரையும் மாத்திரை எதையும் பொடித்துக் கொடுக்காதீர்கள், மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

தமிழ்நாட்டில் இருந்தால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் பேலியேட்டிவ் நர்ஸ் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

இப்போது கொடுத்துவரும் தூக்க மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். எப்போது கத்துகிறார், எந்தப் பக்கம் புரட்டினால், முகம் எப்படிப் போகிறது என்று ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள், முடிந்தால் போனில் வீடியோவும் எடுங்கள். அதைக் காட்டி, வலி மருந்தைத் தொடங்கிப் பார்த்துவிட்டுத் தூக்க மாத்திரையைக் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.