முதல் சீசனுக்கு மட்டும் வருகிறேன்

கேள்வி: 1975-இல் வெளியான ‘ரோலர்பால்’ படத்தை இப்போதுதான் பார்த்தேன். ஸ்கேட்டும் மோட்டார் சைக்கிளும் இரும்புப் பந்துமாக என்ன வேகம்! இதன் முன்னால் கால்பந்து தூங்கி வழிகிறது. இப்படி ஒரு லீக்கை நிஜமாகவே ஆரம்பித்தால் என்ன? ஆடுகிறவர்கள் விரும்பித்தானே வரப்போகிறார்கள்?

பதில்: இந்த யோசனை உங்களுக்கு முன்பே சிலருக்கு வந்துவிட்டது. படம் வந்த சூட்டோடு, ஆட்டத்தை உண்மையிலேயே நடத்தலாம் என்று கிளம்பியவர்களைப் பார்த்து இயக்குநர் நார்மன் ஜூயிசன் கொதித்துப்போனார். வன்முறையைக் காட்டி முகம் சுளிக்க வைக்க நினைத்தார். பார்த்தவர்களோ டிக்கெட் எங்கே கிடைக்கும் என்றார்கள். பிள்ளையார் பிடிக்கப் போன கதைதான்.

அவர் மேலும் பாதித் தப்பு உண்டு. ஆட்டத்தை அவ்வளவு நன்றாக எடுத்திருக்கக் கூடாது. சரிவான வட்டப் பாதை, அதன் மேல் விளிம்பை ஒட்டிப் பீரங்கியிலிருந்து சீறிவரும் பந்து, மோட்டார் சைக்கிளைப் பின்னால் பற்றிக்கொண்டு வேகம் ஏற்றும் ஸ்கேட்டர், குமிழாணி பதித்த கையுறை. 1972 ஒலிம்பிக்கில் கூடைப்பந்து நடந்த மியூனிக் அரங்குக்குள் பாதை போட்டு எடுத்தார்கள். விழுந்து புரண்ட ஸ்டண்ட் கலைஞர்களின் பெயர்களைத் திரையில் போட்டார்கள். அன்றைய ஹாலிவுட்டில் அது அபூர்வம். முதல் ஆட்டத்தில் நானும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன், மறைப்பானேன்.

நீங்கள் கோட்டை விட்டது அதற்குப் பிறகு. படத்தில் மூன்று ஆட்டங்கள். பந்து அதே பந்து, பாதை அதே பாதை. விதிகள்தான் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே போகின்றன. முதலில் ஃபவுலுக்குத் தண்டனை உண்டு, மாற்று ஆட்டக்காரர் உண்டு. டோக்கியோவில் தண்டனை போய்விடுகிறது. நியூயார்க்குடன் ஆடும்போது மாற்று ஆளும் இல்லை, நேரக் கணக்கும் இல்லை. ஆட்டம் எப்போது முடியும்? ஆள் தீரும்போது.

எதற்காக இத்தனையும்? ஒரே ஒருவனுக்காக. தேசங்கள் ஒழிந்து கம்பெனிகள் ஆளும் உலகம் அது (கதை நடப்பது 2018-இல், அந்த வருடம் வந்து போயே விட்டது). தனி மனிதன் முயன்று ஒன்றும் ஆகாது என்று ஜனங்களுக்குக் காட்டத்தான் ஆட்டத்தையே உண்டாக்கினார்கள். ஹூஸ்டன் அணியின் ஜோனதன் மட்டும் பத்து வருடமாகச் சாகாமல் ஆடி, கூட்டம் பெயர் சொல்லிக் கூவுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டான். ஓய்வு பெறச் சொல்கிறார்கள், மறுக்கிறான். உடனே விதிப் புத்தகத்தில் கை வைக்கிறார்கள்.

ஆகவே ‘விரும்பித்தானே வருகிறார்கள்’ என்பது முதல் ஆட்டத்துக்கு மட்டும் பொருந்தும். மூன்றாவது ஆட்டத்தின் விதிகளைக் காட்டி யாரிடமும் சம்மதம் வாங்கவில்லை. டோக்கியோ மருத்துவமனையில் ஜோனதனின் நண்பன் நினைவு திரும்பாமல் கிடக்கிறான். மருத்துவர் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறார், மருத்துவமனை விதியாம். விதி என்று எதுவுமே இல்லை என்று ஜோனதன் மறுத்துவிடுகிறான். அந்தக் காட்சியில் ரத்தம் கிடையாது. நீங்கள் வேகமாக ஓட்டிவிட்டீர்களோ என்னவோ.

1990-இல் வந்த ‘ஸ்பீட்பால் 2’ வீடியோ கேம் இந்த விஷயத்தில் ஒளிவுமறைவு இல்லாதது. கோல் போட்டால் 10 புள்ளி, எதிராளியை ஸ்ட்ரெச்சரில் அனுப்பினாலும் 10 புள்ளி. விதியே அப்படி, ஆடுகிறவருக்கு முன்கூட்டியே தெரியும்.

உங்கள் ஆசையை 2002-இல் சினிமாவிலேயே பரிசோதித்தும் பார்த்தாகிவிட்டது. எதிர்கால உலகையும் கம்பெனி ஆட்சியையும் கழற்றிவிட்டு, அடிதடியை வைத்து அதே பெயரில் மறுபடி எடுத்தார்கள். படம் குப்புற விழுந்தது.

பழைய படத்தின் கடைசி நிமிடங்களை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். பாதை முழுக்க உடல்கள். எஞ்சிய ஒரே எதிராளி ஜோனதனின் பிடியில் கிடக்கிறான். இரும்புப் பந்து தலைக்கு மேல் ஓங்கியிருக்கிறது. அவனை விட்டுவிட்டு எழுந்து, ஸ்கேட்டில் மெல்லச் சுற்றிப் போய்ப் பந்தைக் குழியில் போடுகிறான். அந்த ஆட்டத்தின் ஒரே கோல். அந்த நேரம் விதிப்படி ஆடியவன் அவன் ஒருவன்தான்.

லீக் ஆரம்பித்தால் சொல்லி அனுப்புங்கள். முதல் சீசனுக்கு மட்டும் வருகிறேன்.