13 வயதுப் பூனை ராத்திரியில் கத்துவது பற்றி

கருத்தடை செய்த 13 வயதுப் பூனை நடுராத்திரியில் கூடத்தில் நின்று நீளமாகக் கத்துகிறது, நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறது என்கிறீர்கள். இணை தேடும் கத்தலாக இருக்க வாய்ப்பு குறைவு. பசி கூடி எடை குறைந்தால் முதலில் தைராய்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். வயதான பூனைகளுக்கு அது அதிகமாகச் சுரப்பது சகஜம். கால்நடை மருத்துவரிடம் ரத்தத்தில் டி4 (தைராய்டு ஹார்மோன்), கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது) பார்க்கச் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்தையும் கட்டாயம் கேட்டு அளக்க வையுங்கள். அது ரொம்ப ஏறினால் விழித்திரை விலகித் திடீரென்று பார்வையே போய்விடலாம். கண்மணி வெளிச்சத்திலும் விரிந்தே இருக்கிறதா, சுவரில் மோதுகிறதா என்று இன்றைக்கே கவனியுங்கள்; அப்படியென்றால் உடனே தூக்கிக்கொண்டு போங்கள். எல்லாம் சரியாக இருந்தால் வயதால் வரும் மூளைத் தடுமாற்றமாக இருக்கலாம். அப்போது கூடத்தில் சின்ன விளக்கு ஒன்று எரியட்டும், திட்டாதீர்கள், பாவம். அப்புறம், வலிக்கிறதோ என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம்.