தொட்டியில் செங்காந்தள்

கேள்வி: சென்ற ஆண்டு செங்காந்தளின் கிழங்குகளான கண்வலிக்கிழங்குகள் இரண்டைத் தனித்தனித் தொட்டிகளில் நட்டேன். ஒன்று முளைக்கவே இல்லை. மற்றொன்று நன்கு பூத்து, கார்த்திகையில் கொடி காய்ந்தது. மற்ற செடிகளோடு அதற்கும் நீர் ஊற்றி வந்தேன். மாசியில் கிளறிப் பார்த்தால் கிழங்கு அழுகியிருந்தது. பிழை எங்கே? – ஒரு வாசகி, கோத்தகிரி.

பதில்: கொடி காய்ந்த பிறகு ஊற்றிய நீரே கிழங்கை அழுக வைத்திருக்க வேண்டும். நட்ட தாய்க்கிழங்கு தன் சத்தையெல்லாம் கொடிக்குக் கொடுத்துச் சுருங்கிவிட, அதனிடத்தில் உருவாகும் புதுக்கிழங்குதான் அடுத்த பருவத்துக்கு உரியது. இலையின்றி அது உறங்கும் மாதங்களில் மண்ணில் தங்கும் ஈரத்தை உறிஞ்ச ஆளில்லை. சமவெளியில் தை, மாசி வெயில் மண்ணை உலர்த்திவிடும். கோத்தகிரியிலோ கொடி காயும் வேளையில்தான் வடகிழக்குப் பருவமழை பெய்கிறது; அது ஓய்ந்தால் பனி வந்துவிடுகிறது. ஆகவே இலைகள் மஞ்சளாகத் தொடங்கியதும் நீரைக் குறைத்து, கொடி காய்ந்தபின் அடியோடு நிறுத்தி, தொட்டியை மழையும் பனியும் படாத இடத்துக்கு நகர்த்திவிடுங்கள். நிலத்தில் நட்டவர்களுக்கு இந்த வசதி இல்லை என்பதால், மலையில் செங்காந்தளுக்குத் தொட்டியே ஏற்றது என்பது என் கருத்து.

முளைக்காத கிழங்கில் முளைக்கண் ஒடிந்திருக்கக்கூடும். கலப்பை போல் கவைத்த கிழங்கின் ஒவ்வொரு கிளைக்கும் நுனியில் ஒரே ஒரு கண்தான் உண்டு. அது முறிந்தால் அந்தக் கிளை முளைக்காது. சித்திரையில் கோடை மழையை ஒட்டி, 12 அங்குல ஆழத் தொட்டியில், செம்மண்ணும் மணலும் மக்கிய இலையும் சம அளவில் கலந்து, கிழங்கைப் படுக்கை வசமாக 2 அங்குல ஆழத்தில் வைத்து மூடுங்கள். பற்றிப் படர இலைநுனியே சுருண்டு கம்பியாவதால், தடித்த கழியைவிட மெல்லிய சுள்ளிகளும் வலையுமே அதற்கு உகந்தவை.

மகளிர் விரலுக்குச் சங்கப் புலவர்கள் உவமை சொன்ன இப்பூவின் கொடி முழுவதிலும், கிழங்கில் மிகுதியாகவும், கோல்ச்சிசின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. வள்ளிக்கிழங்கென்று எண்ணி உண்டு உயிரிழந்தவர்கள் உண்டு. தோண்டியெடுத்த கிழங்கைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோகாமல், உலர்ந்த மணலில் புதைத்து, பெயர் எழுதி, குழந்தைகளுக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். கையாளும்போது கையுறை அணியுங்கள்.