இறக்குமதி வரியைக் கட்டுவது யார்?

கேள்வி: சீனப் பொருள்களுக்கு அமெரிக்கா வரி விதித்தால், அந்தப் பணத்தைச் சீனாதானே கட்டுகிறது?
- வாசகர், கரூர்

பதில்: இல்லை. சரக்கை இறக்குமதி செய்யும் அமெரிக்க நிறுவனமே அவ்வரியைத் தன் நாட்டு அரசுக்குக் கட்டுகிறது. 2018-ல் தொடங்கிய வரிகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள், சீன ஏற்றுமதியாளர்கள் விலையைப் பெரிதாகக் குறைக்காததால், சுமை ஏறக்குறைய முழுவதும் அமெரிக்க இறக்குமதியாளர்கள் மீதும் அவர்களிடம் வாங்குவோர் மீதுமே விழுந்தது என்று கண்டனர்.

சீனாவின் பதிலடி அமெரிக்க விவசாயிகளைத் தாக்கியது. அமெரிக்க சோயாபீனுக்கு 25 சதவீதக் கூடுதல் வரி 2018 ஜூலை 6 அன்று நடைமுறைக்கு வந்தது; அதற்குள் கரை சேர விரைந்த ‘பீக் பெகாசஸ்’ என்ற கப்பல், சீனாவின் தாலியன் துறைமுகத்தைச் சற்றே தாமதமாக அடைந்து, சோயாபீனை இறக்க முடியாமல் ஏறத்தாழ ஒரு மாதம் கடலிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. 2017-ல் சுமார் 1,200 கோடி டாலராக இருந்த, சீனாவுக்கான அமெரிக்க சோயாபீன் ஏற்றுமதி, மறு ஆண்டே சுமார் 300 கோடியாகச் சரிய, சீனா பிரேசிலிடம் அதிகம் வாங்கியது. விவசாயிகளுக்கு இழப்பீடாக 2,800 கோடி டாலர் வரை வழங்க அமெரிக்க அரசு அறிவிக்க வேண்டியதாயிற்று.

ஆனாலும் வரி கேட்டவர்களின் கோபம் பொய்யன்று. 2001-ல் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த பிறகு சீனப் பொருள்களின் மலிவு விலையால் வந்த பயன் அமெரிக்கா எங்கும் சிறிது சிறிதாகப் பரவியது. வேலையிழப்போ வட கரோலினாவின் மரச்சாமான் தொழில் நகரங்களைப் போன்ற சில இடங்களில் மொத்தமாக இறங்கியது. வேலையிழந்தவர்களைக் கைதூக்கிவிடப் போதிய ஏற்பாடு செய்யாததே, என் கணிப்பில், பெரும் பிழை.