சூடோமோனாஸ் போட்டால் குலைநோய் வராதா?

“பிசான நெல்லுக்கு நாத்துப் பாவப் போறேன், விதையில சூடோமோனாஸ் கலந்தா குலைநோய் வராதா?” என்று அம்பாசமுத்திரத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள், அண்ணாச்சி. குலைநோய் நெல்லைத் தாக்கும் பூஞ்சாண நோய்; அறவே வராது என்று சொல்ல மாட்டேன், தாக்கம் குறையும்.

சூடோமோனாஸ் ஒரு பாக்டீரியா, வேரோடு ஒட்டி வாழும். மண்ணிலிருக்கும் இரும்புச்சத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால், கெட்ட பூஞ்சாணம் பட்டினி கிடக்கும். அதைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு: வேரில் இது குடியேறியதும் பயிர் முழுக்க உஷாராகிவிடும். பிறகு இலையில் நோய்க்கிருமி இறங்கினால், பயிர் சட்டென்று எதிர்த்து நிற்கும். வேரில் போட்டது இலையைக் காப்பது இப்படித்தான்.

கிலோ விதைக்கு 10 கிராம் தூளை ஊறவைக்கும் தண்ணீரில் கலந்து, ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். நடவுக்கு முன் சூடோமோனாஸ் கரைத்த தண்ணீரில் நாற்றின் வேரை அரை மணி நேரம் நனைத்தால் இன்னும் நல்லது. வயலுக்கு எக்டேருக்கு 2.5 கிலோ, 50 கிலோ மக்கிய தொழுவுரத்தோடு. காய்ந்த மண்ணில் தூவினால் காசுதான் வீண்.

களக்காட்டுப் பக்கம் வாழை வாடலுக்கு டிரைக்கோடெர்மா போடுகிறவர்கள், அதே வாரம் கார்பென்டாசிம் என்ற பூஞ்சாணக்கொல்லியும் ஊற்றுகிறார்கள். டிரைக்கோடெர்மாவும் ஒரு நல்ல பூஞ்சாணம்தானே, செத்துப் போகும்! பாக்கெட்டில் தேதி பார்த்து வாங்குங்கள், வெயிலில் வைக்காதீர்கள்.