வருஷா வருஷம் கேஸ் அடித்தும் கார் ஏசியில் குளிர்ச்சி நிற்கவில்லையே!

கேள்வி: என்னிடம் இருப்பது 2009 மாடல் சின்ன கார். மூன்று கோடையாக ஏசிக்கு கேஸ் அடிக்கிறேன். அடித்த புதிதில் ஜில்லென்று இருக்கிறது; ஒரு மாதம் போனால் வெறும் காற்றுதான். இந்த முறையும் “கேஸ் தீர்ந்துபோச்சு” என்கிறார் மெக்கானிக். இன்னொரு கடையில் பாதி விலைக்கு வேறு கேஸ் போட்டுத் தருகிறேன் என்கிறார்கள். அக்னி நட்சத்திரத்துக்குள் சரி செய்தாக வேண்டும். எங்கே போகலாம்? கொடுத்த காசைத் திரும்பக் கேட்க முடியுமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: இரண்டு பேரிடமும் இப்போது கேஸ் அடிக்காதீர்கள். முதலில் லீக்கைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது. ரப்பர் ஹோஸ், கம்ப்ரசர் சீல் வழியாகப் பல வருடங்களில் கொஞ்சம் குறையும், அது இயல்பு. ஒரே மாதத்தில் குளிர்ச்சி போகிறது என்றால் எங்கோ கசிகிறது. அதைத் தேடாமல் ஒவ்வொரு கோடையும் காசு வாங்குவது அநியாயம்.

நீங்களே ஒரு தடவை பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்து, அலுமினியப் பைப்புகள் சேருகிற இடங்களைப் பாருங்கள். கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் சேர்ந்துதான் ஓடுகிறது. அதனால் கசிகிற இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும், அதில் படிந்த புழுதியுமாகக் கருப்பாகத் தெரியும். முன்பக்க கிரில் வழியாக கண்டன்சரில் (கேஸின் சூட்டை வெளியேற்றும் பாகம்) கல் அடிபட்ட தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வெறும் ஓ-ரிங் (பைப் இணைப்பில் உள்ள ரப்பர் வளையம்) என்றால் செலவு சொற்பம். உள்ளே காற்றைக் குளிர வைக்கும் கூலிங் காயில் என்றால் பல கார்களில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும், கூலி எகிறும். ஆகவே பிரிப்பதற்கு முன்பே பாகத்துக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்கிவிடுங்கள்.

நல்ல பட்டறையில் நைட்ரஜன் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவி லீக் பார்ப்பார்கள். அடைத்த பிறகு அரை மணி நேரமாவது வேக்கம் போட்டு (குழாயில் இருக்கும் காற்றை பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்து), கேஜ் முள் அசையாமல் நிற்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். அப்புறம்தான் கேஸ், அதுவும் தராசில் வைத்து. எந்த கேஸ், எத்தனை கிராம் என்பது பெரும்பாலும் பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரிலேயே இருக்கும். உங்கள் மாடலுக்கு ஆர்134ஏ. கூடுதலாக அடித்தாலும் குளிர்ச்சி குறையும், கம்ப்ரசருக்கும் கேடு.

பாதி விலை கேஸ் விஷயத்தில் மிகவும் கவனமாக இருங்கள். அது புரொபேன், பியூட்டேன் கலவையாக இருக்கலாம், அதாவது சமையல் கேஸின் ரகம். குளிரும்தான். ஆனால் தீப்பற்றக்கூடியது. கூலிங் காயில் கசிந்தால் நேராக நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குத்தான் வரும். ஏற்கனவே லீக் உள்ள வண்டியில் இதைப் போடவே கூடாது. சிலிண்டர் லேபிளைப் பார்க்காமல் எதையும் ஏற்ற விடாதீர்கள்.

இன்னொன்று. நான்கு வழிச் சாலையில் நன்றாகக் குளிர்ந்து, பெரியார் பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் மட்டும் வெக்கையாகிற கார்களும் உண்டு. அங்கே கேஸைவிட கண்டன்சர் ஃபேன் மீதுதான் முதலில் சந்தேகம் வர வேண்டும்.

காசு விஷயம்: பில் இருக்கிறதா? இருந்தால், லீக் பார்க்காமல் கேஸ் அடித்ததைக் குறிப்பிட்டு அந்தப் பட்டறைக்கு முதலில் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் முடியாவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். ஆனால் பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும், அதனால் முதல் கோடையின் பணத்தைக் கேட்பது கடினம். இந்த முறை பில்லில் “லீக் டெஸ்ட் செய்தது, ஆர்134ஏ இத்தனை கிராம், இத்தனை மாத வாரண்டி” என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற கடையில் வண்டியை விடாதீர்கள்.